அசல்

ஒன்பதே காலுக்கு மெஷின் சூடாகும்.
அதற்குள் வாசலில் ஏழு பேர்.
ஆட்சியர் அலுவலக மதிலுக்கு எதிரே மூன்றாவது கடை,
பலகை கிழிந்து 'ஜெரா' மட்டும் மிச்சம்.

முகங்கள் என் நினைவில் நிற்பதில்லை.
கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கிற தாள்களில்தான்
இந்த மாவட்டமே எனக்குத் தெரியும்.
கணக்கில் முப்பத்தைந்து,
தமிழில் தொண்ணூற்றாறு,
அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்',
ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம்.
கருமாத்தூரிலும் கொட்டாம்பட்டியிலும் சமயநல்லூரிலும்
அதே எழுபத்திரண்டாயிரம்தான்,
தாசில்தாருக்குப் பிடித்த எண் போல.

நடத்தை: நன்று.
எல்லோருக்கும் நன்று.
நான் எடுத்த லட்சம் நகல்களில்
ஒருத்தன்கூடக் கெட்டவன் இல்லை.
பிறகேன் இத்தனை பேர் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று
முதலாளி அருள்தாஸ் அண்ணனை ஒருநாள் கேட்டேன்.
"டோனர் தீரப்போகுது, பாரு" என்றார்.

ஜூன் மாதம்
சேடபட்டிப் பக்கமிருந்து ஒருத்தி வந்தாள்.
மதிப்பெண் பட்டியலில் போதும்பொண்ணு,
சாதிச் சான்றிதழில் போதுபொண்ணு.
ஒரு மேஜைக்கும் இன்னொரு மேஜைக்கும் நடுவே
ஒற்றை 'ம்' உதிர்ந்துவிட்டது.
பெயர் ஒத்துப்போகவில்லை என்று
நர்சிங் சீட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள்.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
நோட்டரி ஐநூறு கேட்டாராம்.
"பொட்டப்புள்ள இனி வேணாம்னு வச்ச பேரு.
அத முழுசா வாங்க
நான் ஐநூறு குடுக்கணுமாக்கா?"
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
ஐந்து நகல் எடுத்தேன், மூன்றுக்குக் காசு வாங்கினேன்.
அவ்வளவுதான் என்னால் ஆனது.

அடுத்த புதன்கிழமை 'ம்'மோடு வந்தாள்.
தேதிதான் போய்விட்டது.
பத்து ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி
எல்லாவற்றையும் அடுக்கி
இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு
பஸ் ஏறப் போனாள்.

என் கதையைக் கேட்கிறவர்கள் குறைவு.
திருமங்கலம் ரோட்டில் பொறியியல் கல்லூரி,
வகுப்பறைகளுக்கு முன்பே அதற்கு நீரூற்று கட்டினார்கள்.
முதல் பட்டதாரி என்று சலுகை கிடைத்தது.
சலுகை போக, பஸ் கட்டணம், விடுதி, ஏதேதோ சேர்ந்து
பாக்கி நாற்பத்தோராயிரம்.
என் அசல்கள் அத்தனையும்
அவர்களுடைய இரும்பு பீரோவில்.
போன வருடம் ஒருமுறை
பார்த்துவிட்டாவது தருகிறேன் என்று கெஞ்சினேன்.
கிளார்க் ஃபோன் பேச எழுந்து போன நேரத்தில்
பட்டத்தை அவசரமாக செல்லில் எடுத்தேன்.
இங்கே வந்து பிரிண்ட் போட்டேன்.
தாளின் ஓரத்தில்
என் கட்டைவிரல் விழுந்திருந்தது.

ஓசூர் கம்பெனியில் அந்தப் பெண்
தாளைத் தூக்கிப் பிடித்து
"இது யாரோட விரல்?" என்றாள்.

அம்மா நூறு நாள் வேலை அட்டையில்
மை தொட்டு வைப்பது நினைவுக்கு வந்தது.
என்னோடதுதான் மேடம் என்றேன்.

நேற்று இரவு எட்டரை.
மெஷினை அணைக்கும் முன் மூடியைத் தூக்கினால்
கண்ணாடியில் ஒரு தாள் கிடந்தது.
இப்படித்தான் மறப்பார்கள்.
நகலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள்,
அசல் இங்கேயே கிடக்கும்.
செ. காசிமாயன், பேரையூர் வட்டம்,
டிப்ளமோ, முதல் வகுப்பு.
கெட்டியான தாள்.
விளக்குக்கு நேரே பிடித்தேன்,
உள்ளே ஒளிந்திருந்த முத்திரை தெரிந்தது.
என்னுடையதிலும் இருக்கும்.

ஃபோன் எண் எதுவும் இல்லை.
பேரையூர் கடைசி வண்டி ஒன்பதே முக்கால்.
அதற்குள் எங்காவது
பையைத் துழாவிப் பார்ப்பான்,
வெயில்காலத்துப் புழுதியெல்லாம் முகத்தில் அப்பியிருக்க ஓடி வருவான்.

தாளை ஒரு புது உறையில் போட்டு
மடியில் வைத்துக்கொண்டேன்.
அருள்தாஸ் அண்ணன் இரண்டு தடவை அழைத்துவிட்டார்.
ஷட்டரைப் பாதிதான் இறக்கியிருக்கிறேன்.