ஒன்றுக்குப் பன்னிரண்டு

சுற்றறிக்கை ஜூனிலேயே வந்துவிட்டது.
சாய்தளம் ஆகஸ்டில்.
பொன்னழகு வந்தது அதற்கும் பிறகு,
ஒரு திங்கட்கிழமை, அப்பாவின் டிவிஎஸ்ஸில்,
மடக்கிய சக்கர நாற்காலியை
ரப்பர் ட்யூபால் பின்னால் கட்டிக்கொண்டு.
புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்.
"கேட்டு வரைக்கும் நான் தூக்கிருவேன் டீச்சர்,
உள்ள நீங்கதான்" என்றார்.

அளந்து பார்த்தேன்.
கணக்கு டீச்சர் வேறென்ன செய்வேன்.
ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம்
என்கிறது தாள்.
ஒப்பந்தக்காரர் நாலடியில் முடித்திருந்தார்,
சறுக்குமரம் மாதிரி.
ஆறாம் வகுப்புக்கு அன்றைக்கு விகிதம்.
ஒன்றரை அடி மேடைக்கு எத்தனை அடி வேண்டும்?
"பதினெட்டு" என்றது வகுப்பு.
"அப்ப வேப்பமரத்துல போய் முட்டுமே மிஸ்."
முட்டவில்லை. இரண்டாம் தடவை கட்டியபோது
மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

மேலே ஏறிவிட்டாள்.
குறுக்கே படுத்திருந்தது வகுப்பறை நிலைப்படி,
பர்மாத் தேக்கு, ஒன்பது அங்குலம்.
கட்டிக் கொடுத்தவர்கள்
தங்கள் வீட்டைப் போலவே கட்டிக் கொடுத்திருந்தார்கள்:
குனிந்து, கால் தூக்கி, மரியாதையாய் நுழைய.
செயலாளர் சென்னையில். போனில் சொன்னார்:
"எங்க ஐயா வச்ச நிலைங்க டீச்சர்.
கேட்டுச் சொல்றேன்."
யாரைக் கேட்பார் என்று சொல்லவில்லை.

அதுவரை நாங்கள் கிளம்பினோம்.
நாற்பத்தோரு பிள்ளைகள், பெஞ்சுகள்,
கால் ஆடும் மேசை, உலக வரைபடம்
எல்லாம் பின்கட்டுத் தகரக் கொட்டகைக்கு.
அங்கே படியே கிடையாது.
பொன்னழகு முதல் வரிசைக்குத் தானே உருட்டிப் போனாள்,
திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.
பாடம் நடத்த விடவில்லை அன்றைக்கு.
வெள்ளிதோறும் வரும் சிறப்பாசிரியர் ஞானசௌந்தரி
(ஐந்து பள்ளிக்கு ஒரே ஆள், ஒரே ஸ்கூட்டி)
போட்டோ எடுத்து அனுப்பினார் மேலே.
வெயிலில் வெந்தோம். ஆனாலும் போட்டோ நன்றாக இருந்தது.

பிறகு ஐப்பசி.
தகரத்தில் மழை இறங்கிய நிமிஷம்
மூன்றாம் பெஞ்சில் காசிம்
இரண்டு காது மிஷினையும் கழற்றிப்
பென்சில் டப்பாவில் போட்டு மூடினான்.
அவன் காதுக்குள் அது மழை இல்லை,
ஆணி அடிக்கிற சத்தம்.
அவளுக்காக வந்த இடத்தில்
அவன் வெளியே போய்விட்டான், உட்கார்ந்தபடியே.
இதற்கு ஒரு பத்தி இருக்கிறதா என்று
சுற்றறிக்கையை மறுபடி படித்தேன்.
இல்லை.

கத்திப் பார்த்தேன். யாருக்கும் கேட்கவில்லை.
நாற்பது முகமும் என்னையே பார்க்க
காசிம் எழுந்து வந்து, என் உதட்டைப் பார்த்து,
நான் கேட்ட கணக்கைப் பலகையில் எழுதினான்.
விடையும் எழுதினான். விடை தப்பு.
கேள்வி ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.
அன்று முழுக்க அவன்தான் எனக்கு வாய்.
மறுநாளும் மழை. மறுநாள் அவன் வரவில்லை.
மழை நாளில் பள்ளிக்கூடம் வேண்டாமாம்,
அவன் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் இணையத்தில் ஒரு கேள்வி:
கட்டடம் அனைவரும் அணுகத்தக்கதா? ஆம். இல்லை.
இரண்டே பொத்தான்.
சுட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்,
கரண்டு போகும் வரை.

செயலாளரின் பதில் தைப் பொங்கல் கழித்து வந்தது,
ஒரே வரி: "ஒன்றை மட்டும் அறுக்கவும்."
தச்சர் சோலையப்பன் இரண்டு முறை கேட்டார்,
"அறுத்துரவா?"
அரை நாள் பிடித்தது.
ரம்பப் பல் இரண்டு போயிற்று, அதற்கும் பில் கொடுத்தார்.

பழைய அறைக்கே திரும்பிவிட்டோம்.
காசிம் சுவரோரம், சன்னலைச் சாத்திவிட்டு.
பொன்னழகு வாசலைக் கடக்கும்போது
சக்கரம் ஒரு "டக்" கூடச் சொல்வதில்லை.
வருகைப் பதிவேட்டோடு பின்னாலேயே நுழைகிறேன் நான்,
பதினாறு வருஷப் பழக்கத்தில்
முழங்கால் உயரம் காலைத் தூக்கி.
"மிஸ்" என்கிறாள் திரும்பிப் பார்த்து,
"அங்க ஒண்ணுமில்ல மிஸ்."