இடது பக்கம்

பதினேழாம் நிமிடம்.
ஓடிக்கொண்டிருந்த கஜீபன்
யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் நின்றான்.
இடது பின்தொடையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு
"கால் போச்சு அக்கா" என்று கத்தினான்.

கிளிநொச்சியில் அந்த இரண்டு சொல்லை
அவ்வளவு சத்தமாய்ச் சொல்லக்கூடாது.
சனம் முழுக்க எழும்பிவிட்டது.
கச்சான்காரர் சுருள் மடிப்பதை நிறுத்தினார்.
வேலியோரம் மோட்டார்சைக்கிளில் சாய்ந்திருந்த ஒருவர்
தன் பிளாஸ்டிக் முழங்காலில் தட்டி
"போகேல்லைத் தம்பி, கிடக்கு, வடிவாய்ப் பார்" என்றார்.
கஜீபனுக்கே சிரிப்பு வந்தது.
நான் ஐஸ் பையோடு மண்ணில் முழந்தாளிட்டேன்.
விரலுக்கடியில் தசை
புரி விட்ட கயிறு.
இரண்டாந்தரக் கிழிவு. ஆறு கிழமை.

கனகராயன் எவ்.சி.யில்
மாதச் சம்பளக்காரர் இருபத்திரண்டு பேர்.
இருபத்தொன்று, என்று முதலாளி திருத்திக்கொண்டார்.
"ஒரு ஊசி போட்டு இறக்கினால்?"
"இறக்கலாம். பிறகு ஆறு மாசம் எழும்பமாட்டான்."
அவர் தொலைபேசியைப் பார்த்தபடி தலையாட்டினார்.

பயிற்சியாளரின் பலகையில்
சிவப்புக் காந்தம் ஒன்று எங்கோ துலைந்துபோக,
இடது பின்வரிசைக்கு
ஒரு சோடா மூடியைப் பசை வைத்து ஒட்டினார்கள்.
மூடியின் பெயர் துவாரகன்.
நல்ல பெடியன். வலக்காலன்.
எந்தப் பந்தையும் உள்ளே வெட்டித்தான் உதைப்பான்.
அதனால் கோட்டோரம் நின்ற சுலக்சனுக்குப் பந்து வரவில்லை.
வராத பந்தைத் தேடி அவன் நடுவுக்குப் போனான்.
நடுவில் ஏற்கெனவே குவாசி,
கானாவிலிருந்து வந்தவன், நெரிசல் பிடிக்காதவன்.
பின்னால் சங்கீதன்
துவாரகனை நம்பாமல் இரண்டடி இடம் தள்ளி நின்றான்.
அந்த இரண்டடிக்குள்ளால்
வவுனியாக்காரர் மூன்று கோல் அடித்தார்கள்.
அன்றைக்குப் பிறகு எமில்ராஜ்
பந்தைக் கையில் எடுத்தால்
வலப்பக்கம் மட்டும்தான் உதைத்தான்.

ஒரு தொடையில் இரண்டு சென்ரிமீற்றர்.
நொண்டியது பதினொரு பேர்.

பிறகு சங்கீதனுக்கு இடுப்பு,
இரண்டு ஆளுக்கு ஓடியதில்.
சுலக்சனுக்குக் கணுக்கால்.
மன்னாருக்குப் போய்வந்த பஸ்ஸில்
மடங்கிக் கிடந்த முழங்கால்களுக்கு
ஒவ்வொன்றாய்த் தைலம் பூசிக்கொண்டு வந்தேன்.
பின் இருக்கையில் யாரோ புள்ளி அட்டவணையை வாசித்தார்கள்.
எட்டாமிடம் என்று கேட்டது.
யாரும் "அப்படியா" என்றுகூடச் சொல்லவில்லை.

நாற்பத்து நான்காம் நாள் விடிய
கஜீபனை இரணைமடு அணைக்கட்டில் ஓடவிட்டேன்.
போய்த் திரும்பினான். மறுபடி போனான்.
நீர்க்காகங்கள் எழும்பிப் பறந்தன.
"நோகுதா?"
"இல்லை."
"பயமா இருக்கா?"
அதற்குக் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான்.
கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

சனிக்கிழமை இறங்கினான்.
வெண்கோட்டை ஒட்டி ஓடினான், கையை உயர்த்தினான்,
ஓடினான், கையை உயர்த்தினான்.
எமில்ராஜ் வலப்பக்கம் உதைத்தான்.
சங்கீதன் இன்னும் அதே இரண்டடி தள்ளி.
குவாசி திரும்பியே பார்க்கவில்லை.
வலப்பக்கத்தாலேயே போய் ஒரு கோல் அடித்து
வென்றும் விட்டோம்.
முதலாளி எல்லாருக்கும் கொத்து ரொட்டி சொன்னார்.

"அக்கா, கால் சரி" என்றான் கஜீபன்,
"பந்துதான் வருகுதில்லை."

கொப்பியில் எழுதினேன்:
இடது பின்தொடை, சுகம்.
கீழே இன்னொரு வரி எழுத வேண்டியிருந்தது.
எந்தத் தசையின் பெயரில் எழுதுவது?

எல்லாரும் பஸ்ஸில் ஏறிய பிறகும்
அவன் இடது மூலையில் நின்று
வேலிக்குப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான்.
மோட்டார்சைக்கிள்காரர் இன்னும் போகவில்லை.
வந்த பந்தைப் பிளாஸ்டிக் காலால் மறித்து
திருப்பித் தட்டினார்.
டொக்.
கஜீபன் அதை நெஞ்சில் வாங்கி இறக்கினான்.
மறுபடி உதைத்தான்.
டொக்.

சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டார்.
மூன்றாவது தரம் அடிக்கப்போனவரை
"பொறுங்கோ" என்றேன்.