மாத வருமானம்

படந்தாலுமூடு கூட்டுறவு வங்கியில்
படிவத்தின் ஏழாவது கட்டம்:
மாத வருமானம்.
பேனாவை மூடி வைத்துவிட்டு
வில்பிரட் என்னைப் பார்த்தான்,
எந்த மாதத்துக்கு என்பது போல.

கும்பத்தில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.
நெய்யாற்றின்கரை, ஆற்றிங்கல், கொட்டாரக்கரை,
இருபத்திரண்டு ராத்திரி கானமேளா.
ராத்திரிக்கு மூவாயிரத்து ஐநூறு.
பேஸ் கிட்டார்க்காரன் எங்கே நிற்கிறான் என்று
கூட்டத்தில் யாருக்கும் தெரியாது,
டிரம்ஸுக்குப் பக்கத்தில், புகைக்குள்.
ஆனால் அவன் கை நின்றால்
முன்வரிசையில் ஆடுகிற பயல்களுக்குக் கால் இடறும்.
விடியக்காலம் பாறசாலையில் வேன் இறக்கிவிடும்,
அங்கிருந்து முதல் பஸ்.
சட்டையில் வெடிமருந்து வாசம்,
கவரில் மூவாயிரம்.
மீதி, கமிட்டி தந்த பிறகாம்.

நான் களியக்காவிளையில்
மெட்ரிக் பள்ளியில் கீபோர்டு டீச்சர்.
ஒன்பதாயிரம் கையில் தருவார்கள்,
பதினாலாயிரத்துக்குக் கையெழுத்து வாங்குவார்கள்.
ஏப்ரலிலும் மேயிலும் எனக்கு வயிறு கிடையாது என்பது
நிர்வாகத்தின் நம்பிக்கை.
சாயங்காலம் வீட்டில் பதினாலு பிள்ளைகள்,
தலைக்கு ஐநூறு.
ஜெர்ஷாவுக்கு இடது கை வருவதில்லை.
அபினேஷிடமிருந்து பைசா வருவதில்லை.

நேற்று ராத்திரி கரண்ட் போன பிறகு
செல்போன் வெளிச்சத்தில் கணக்குப் பார்த்தோம்.
அவனுக்கு வருஷத்துக்கு அறுபத்தொரு மேடை.
பெருக்கினோம்.
கம்பி, பஸ், தட்டுக்கடைத் தோசை எல்லாம் கழித்தோம்.
பன்னிரண்டால் வகுத்தபோது
என்னுடையதைவிட இரண்டாயிரத்துச் சொச்சம் கூட.
அவன் மீசையைத் தடவினான்.

மணிக்கணக்காய் வகு, என்றேன்.
மதியம் ரெண்டுக்குப் போனால் விடிஞ்சுதானே வாற,
காத்துக் கிடக்கிறதையும் சேர்.
சேர்த்தான். அப்போதும் அவன்தான் கூட.
ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்
நான் சும்மா வாசிக்கிற ரெண்டு மணி நேரத்தை
என் பக்கத்திலிருந்து அடித்தேன்.
அப்போதும்.

ஆடி மாதத்துக்கு வந்தோம்.
எல்லைக்கு அந்தப் பக்கம் அது கர்க்கடகம்,
இரண்டு பக்கமும் பெய்கிறது ஒரே மழை.
அவனுக்கு நேராகச் சைபர் போட்டேன்.
எனக்கு ஏழாயிரம் என்று எழுதப் போனவள்
ஏழோடு நிறுத்தினேன்.
என் பிள்ளைகளின் அப்பன்மாரில் பாதிப்பேர் ரப்பர் வெட்டுகிறவர்கள்.
மழை பிடித்தால் வெட்டு இல்லை,
பால் இல்லை, ஷீட் இல்லை,
‘அடுத்த மாசம் தாறேன் டீச்சர்.’
போன வாரம் அபினேஷின் அம்மை
தலைச்சுமையாக ஒரு சக்கை கொண்டு வைத்தாள்.
இருபது கிலோ இருக்கும்.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

கடன் அறுபதாயிரம், அவனுக்கு ஆம்ப் வாங்க.
சொந்த ஆம்ப் கொண்டுபோனால்
மேடைக்கு ஐநூறு கூடுதல்.
அதையும் கமிட்டி தந்த பிறகுதான் தருவார்கள் என்று
நான் சொல்லவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் சம்பளச் சீட்டு கேட்டாள்.
வில்பிரட் போனைத் திறந்து
கொட்டாரக்கரை மேடைப் படத்தைக் காட்டினான்.
அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
புகைதான் பெரிதானது.
நான் என் சீட்டை நீட்டினேன்,
அதில் பதினாலாயிரம், முத்திரையோடு.
நான் தொட்டே பார்க்காத ஐயாயிரம்
முதல் தடவையாக எங்களுக்காக வேலைக்குப் போயிற்று.

ஆக, விண்ணப்பதாரர் நான்.
கணவர் தொழில்: இசைக் கலைஞர்.
‘அப்படி ஒண்ணு கம்ப்யூட்டர்ல இல்லையே அக்கா,
விவசாயம், வியாபாரம், கூலி, இதர.’
இதரவே போடுங்க, என்றான் வில்பிரட்,
கானமேளா நோட்டீஸிலும் அதுதான் போடுகான்.

அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள்.
‘உங்க ரெண்டுபேர்ல
யாரு யாரைச் சார்ந்திருக்கா?’

நான் அவனைக் காட்டினேன்.
அதே நேரம் அவன் விரல் என் பக்கம் நீண்டிருந்தது.

‘ஒரு பேருதான் ஏறும்,’ என்றாள்.