கறுப்பு நாடா சுற்றிய ஊசி

ரோஸ்டாக் துறைமுகத்தில்
முப்பத்து நான்கு வருடம் கிரேன் ஓட்டியவர்
எக்கார்ட் பென்டின்.
எல்லாம் முத்திரை வைத்த பெட்டிகள்.
உள்ளே பியானோவா, பன்றித்தோலா,
ஒருநாளும் கேட்டதில்லை.
எடை சொன்னால் போதும் அவருக்கு.

நவம்பரில், கூண்டுக்குள்,
நாற்பது மீட்டர் உயரத்தில் நெஞ்சை அடைத்தது.
ஏணி குறுகல், காற்று வேறு.
கீழே இறக்க ஒன்றேகால் மணி நேரம்.
அந்த ஒன்றேகால் மணி நேரம்
இதயத்தில் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குச்
செத்துக் கிடக்கிறது இப்போது.
சுற்றியுள்ள தசை துடிக்கும்போதெல்லாம்
அதுவும் சும்மா கூடவே இழுபடுகிறது,
நெரிசலில் கால் தரையில் படாமல்
நகர்கிறவனைப்போல.

இடுப்பெலும்பைத் துளைத்து மஜ்ஜை எடுத்தார்கள்.
அதில் குருத்தணுக்கள் இருக்கின்றனவாம்,
இன்னும் எதுவாகவும் ஆகிவிடாதவை.
அறுபத்திரண்டு வயது உடம்புக்குள்
இன்னும் முடிவெடுக்காத ஏதோ ஒன்று இருப்பது
கொஞ்சம் வெட்கமாக இருந்தது அவருக்கு.

பிறகு எங்கோ ஒரு கணினி
சீட்டுக் குலுக்கிப் போட்டது.
பாதிப் பேருக்கு அவரவர் குருத்து.
மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர்.
யாருக்கு எது என்று
குத்துகிற வைத்தியருக்கும் தெரியாது.
ஊசியின் உடம்பெல்லாம் கறுப்பு நாடா,
நிறம்கூடத் தெரியாதபடி.

ஆறு மாதம் கழித்து என்னிடம் வந்தார்.
என் வேலை ஆறு நிமிடம்.
முப்பது மீட்டர் தாழ்வாரம்,
இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு,
கையில் ஒரு கடிகாரம்.
முன்பு இருநூற்றுத் தொண்ணூறு மீட்டர் நடந்தவர்
இன்று முந்நூற்று அறுபத்தெட்டு.
நடுவில் ஜன்னலோரம் நின்றது மூச்சுக்காகவா,
வார்னோ ஆற்றில் போன கப்பலுக்காகவா?
எழுதத் தாளில் கட்டம் இல்லை.

நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்:
"நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், வீப்கே.
குருத்தா, உப்பா?"

என் நெஞ்சுக்குப் போக வேண்டிய கை
எப்படியோ அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.
சட்டை நனைந்திருந்தது.
உள்ளே ஒன்று மோதியது,
இடறியது,
மறுபடி மோதியது.
தெரியாது என்றேன். பொய்யில்லை.

பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
"எடை எவ்வளவு என்றாவது சொல்லுங்கள்."

எட்டு கிராம் இருக்கும்.

"தூக்கிவிடலாம்" என்று
தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது கேட்டது:
லிஃப்டை விட்டுவிட்டுப்
படியில் இறங்குகிறார் மனிதர்.
மூன்றாவது மாடி.
எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.