பதினொரு நிமிடம்

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
சாஸ்கடூன் பல்கலைக்கழகம், இசைத்துறையின் கீழ்த்தளம்.
வெப்பக்காற்றை ஊதும் விசிறியின் சுவிட்சில்
கை வைத்து நிற்கிறார் ஓரெஸ்ட் ஹ்ரிஷ்கோ.

இரண்டாம் பகுதி ரொம்ப மெதுவானது,
இரைச்சல் ஆகாது என்று
சொல்லிப் போயிருந்தாள் அலுவலகத்து மார்லிஸ்.
பியானோக்களுக்குத் தண்ணீர் காட்டுகிறவள் அவள்,
பலகை வெடிக்காதிருக்க
வாரம் இருமுறை, பூவாளியால்.

அணைத்தார்.
குழாய்கள் முனகி அடங்கின.
மேலே வாசிப்பது ஒரு சொட்டும் இறங்கவில்லை;
கான்கிரீட் அத்தனை தடிமன்.
கடிகாரத்தைப் பார்த்தார்.
ஒன்பதில் விரல் விறைத்தது.
பதினொன்றில் போட்டார்.

அந்தப் பெண் மௌனத்தையும் வாசித்தாளே என்று
படியிறங்கும்போது யாரோ வியந்தார்களாம்.
மார்லிஸ் வந்து சொன்னாள்.

ஓரெஸ்ட் கேட்டார்:
"யாருக்கும் குளிரவில்லையே?"