பதினோரு இடங்களில்

செங்கோட்டை பரிமளா தியேட்டரில்
கதாநாயகி வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள்.
"எங்க ஊரு" என்பது வரை கேட்கிறது.
அடுத்து வரவேண்டியது வரவில்லை.
பதினோரு இடங்களில் இப்படி.
நான் எண்ணவில்லை. பூலுடையார் எண்ணினார்,
கடலைத் தோலை மடியில் ஒவ்வொன்றாக ஒதுக்கி.

ஊர்ப்பலகை வரும் காட்சியில்
பலகை மேல் மட்டும் மூடுபனி.
பக்கத்து முருங்கை தெளிவாகத் தெரிகிறது,
இலை இலையாக.

சட்டம் ஒழுங்கு கருதி என்றார்கள்.
மதகடியில் அந்த ஆவணியில் சுடப்பட்ட இரண்டு பேரும்
படத்திலும் சாகிறார்கள், தாராளமாக.
ரத்தத்துக்கு ஆட்சேபம் இல்லை.
எந்த ஊரில் என்பதுதான் கூடாது.

ரெண்டாவது ஆள் சீனித்தாய் புருசன்.
அவள் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே
"நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றாள்.
பிறகு,
"எவனோ ஊருல நடந்த மாதிரி இருக்கு."

மலையாளத்தில் வெட்டில்லை என்று தெரியவந்தது.
அதற்கு வேறு அலுவலகம், வேறு கத்தரி.
அங்கே பார்த்தவர் காதில்
எங்கள் ஊர் வெறும் சத்தமாக விழுந்திருக்கும்.

வேன் என்னுடையது. டீசல் காசு மட்டும் வாங்கினேன்.
பதினாலு பேர்.
ஆரியங்காவு வளைவில் அணைஞ்சிக்கு வாந்தி,
அவளை முன் சீட்டுக்கு மாற்றினோம்.
புனலூரில் மூணு மணி ஆட்டம்.

கதாநாயகி வாய்க்குள் வேறொருத்தி குரல்.
பாதி புரிந்தது, பாதி ஓடிப்போனது.
திடீரென்று
தாழங்கசம்.

மடித்த நாக்கோடு, முழு ழகரத்தோடு.
ஊரில் ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை.
எங்கள் வாயில் அது தாளங்கசம்.
தாழை பஸ் போர்டில் மட்டும்.
"நம்மூரையா சொல்லுதா?" என்று பூலுடையார் சிரிக்க
முன் வரிசை திரும்பி முறைத்தது.
ஐந்தாவது தடவையோ ஆறாவதோ,
சீனித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது புளியரை சாவடியில் கம்பு இறங்கியிருந்தது.
அந்தப் பக்கம் பறவைக் காய்ச்சல்.
"கோழி, வாத்து, முட்டை ஏதும் இருக்கா?"
இல்லை சார்.
"எந்த ஊரு?"

நான் வாயைத் திறந்தேன், மூடினேன்.
பின்னால் பன்னிரண்டு பேரும் அப்படியே.
இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அணைஞ்சிதான் சொன்னாள்,
வெளிறிப்போன முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி.
நோட்டில் குனிந்தவர் பேனாவை நிறுத்தி
"எந்த ள போடணும்?" என்றார்.
அவள் எச்சிலை விழுங்கி, நாக்கை மடித்து,
புனலூரில் கேட்டபடி
இன்னொரு தடவை சொன்னாள்.

டார்ச் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன்.
அரசாங்க நோட்டு, நீல மை, மூடுபனி இல்லை.
தாழங்கசம். பதினாலு பேர்.
கோழி இல்லை.