பாதியில்தான் கண்

முதலில் உருண்டை போடு என்கிறது புத்தகம்.
மூர் மார்க்கெட்டில் எண்பது ரூபாய்.
அட்டை இல்லை,
காதுக்கான பக்கங்களும் இல்லை.
கேரம் ஸ்ட்ரைக்கரை வைத்துச் சுற்றி வரைந்தேன்.
அடுத்து இரண்டு பக்கமும் சீவச் சொன்னது,
நுங்கு சீவுவதுபோல.

இன்னொரு புத்தகம் முட்டை என்கிறது.
முட்டையின் மேல் ஒரு சிலுவைக் கோடு.
இரண்டும் இங்கிலீஷ்.
எனக்கு அம்புக்குறி போதும்.

பத்தொன்பது வருஷமாகத் தலை தொடுகிறேன்,
கொருக்குப்பேட்டை கேட்டிலிருந்து மூன்றாவது கடை.
உருண்டையாக ஒரு தலையும் கைக்கு வந்ததில்லை.
பிடரிக்கு மேலே மேடு,
காதுக்குப் பின்னால் பள்ளம்,
ஒரே பக்கமாகப் படுக்கவைத்த குழந்தையின் தட்டை,
மிஷினை எப்படி ஓட்டினாலும்
எழுந்து நிற்கும் ரெட்டைச் சுழி.
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், யார் தலை என்று.
பென்சிலைப் பிடித்தால் மட்டும்
எல்லாம் பலூன்.

காதுக்குப் புத்தகம் வேண்டாம் என்று நினைத்தேன்.
தினம் முப்பது காதை மடக்குகிறவன்.
ஆனால் பாருங்கள்,
மடக்கிய காதுதான் வரைய வருகிறது.

கேட் போட்டால் இருபது நிமிஷம்.
கன்டெய்னர் வண்டி கடந்து முடிவதற்குள்
நாள்காட்டித் தாளின் முதுகில் ஒரு தாடை.

கண் பாதியில் இருக்கிறதாம்.
பொய் என்றுதான் நினைத்தேன்.
கண்ணுக்கு மேலே நெற்றி,
அதற்கு மேலே நான் வெட்டிப்போடுவது,
வேறென்ன இருக்கிறது அங்கே?
டீ கொண்டுவந்த எபினேசரை நிற்கவைத்துச்
சீப்பால் அளந்தேன்.
உச்சியிலிருந்து கண், கண்ணிலிருந்து மோவாய்.
"இன்னாண்ணா, பொட்டிக்கு அளவா?" என்றான்.
சரி பாதி.
அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரையும் அளந்தேன்.
வழுக்கைக்கும் அதே பாதி.
இவ்வளவு நாளும் மேல்பாதியில் சம்பாதித்திருக்கிறேன்,
அது பாதி என்றே தெரியாமல்.

புத்தகத்து ஆட்கள் ஏதோ குளிர் ஊர்க்காரர்கள்.
மூக்கு கத்தி மாதிரி.
நிழல் ஒரே பக்கம் ஒழுங்காக விழுகிறது.
இங்கே வாசல் வெயில் ஒரு பக்கம்,
ட்யூப்லைட் ஒரு பக்கம்,
எதிர்க் கடையின் தகரக் கூரை வேறு.
கஜபதியின் மூக்கு
இரண்டு கண்ணுக்கு நடுவே அடங்கவே இல்லை.
அடங்கவேண்டாம் என்று விட்டேன்.

ஆடி ஞாயிறு, தெருவெல்லாம் கூழ்.
கடையில் அவன் மட்டும்.
ஷேவிங் முடித்து, துண்டை எடுக்காமல்
அப்படியே இருக்கச் சொல்லி வரைந்தேன்.
வாங்கிப் பார்த்தான்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
"நான் தாம்பா. அப்டியே கீறேன்."
பீடிக் கட்டோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

மறுநாள் பரிபூரணம் வந்தாள்,
பையனுக்கு முடி வெட்ட, கையில் அந்தத் தாள்.
"யாருண்ணா இது?
அவரு மாதிரி கீது. அவரு இல்ல."
கண்ணா என்றேன். இல்லை.
மூக்கா? இல்லை.
விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை அவளுக்கு.
"அவருக்குத் தம்பி ஒர்த்தர் இருந்தா இப்டி இருப்பாரு."

அவர்கள் போன பிறகுதான் உறைத்தது.
மூட்டைக் கொக்கி கிழித்த தழும்பு
என் தாளில் வலது புருவம்.
கஜபதிக்கு இடது.
வகிடும் அப்படித்தான், மாறி.

முதுகுப்பக்கம் நின்றுகொண்டு
கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன்
எல்லா முகத்தையும்.
கஜபதியும் அங்கேதான் பார்க்கிறான் கஜபதியை.
எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த அந்த ஆளைப்
பரிபூரணம் பார்த்ததே இல்லை.

இன்றைக்கு நாற்காலியைத் திருப்பினேன்.
கண்ணாடிக்கு முதுகைக் காட்டி
எபினேசர் உட்கார்ந்தான்,
டீ கேனை மடியில் வைத்துக்கொண்டு.
"எங்கண்ணா பாக்கறது?"
எனக்கும் தெரியவில்லை.

கேட் போட்டுவிட்டார்கள்.
வண்டி இன்னும் வரவில்லை.
தாள்மேல் ஸ்ட்ரைக்கரை வைத்தேன்.